ஆத்துமாக் கணக்கும் அடிமைக் கணக்கும்

1740-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா குடியேற்றங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களைக் கண்டித்து எழுதிய கடிதம் அது. உங்கள் வீட்டு நாய்க்குக் கிடைக்கும் பரிவுகூட உங்கள் அடிமைக்குக் கிடைப்பதில்லையே என்று கேட்டார். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்ட காலம். அதே ஆண்டில் ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகே பெதஸ்தா என்ற அநாதை இல்லத்தைக் கட்டத் தொடங்கினார். ஜார்ஜியாவில் அப்போது அடிமை முறைக்குத் தடை இருந்தது. இல்லத்தை நடத்தப் பணம் போதவில்லை. 1747-ல் தென் கரோலினாவில் அடிமைகளோடு ஒரு தோட்டத்தைப் பெற்று, அந்த வருமானத்தில் அநாதைகளுக்குச் சோறு போட்டார். ஜார்ஜியாவிலும் தடையை நீக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1751-ல் தடை நீங்கியது. 1770-ல் அவர் இறந்தபோது பெதஸ்தாவுக்கு ஏறக்குறைய ஐம்பது அடிமைகள் இருந்தார்கள். உயில்படி அவர்கள் அவருடைய புரவலரான ஹண்டிங்டன் சீமாட்டிக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு மனிதரின் பலவீனம் என்று இதை ஒதுக்கிவிட அடுத்த நூறாண்டின் வரலாறு இடம் தரவில்லை. 1730, 40-களில் ஒரு முறையும், 1790-கள் தொடங்கி 1840 வரை அதைவிடப் பெரிய அளவில் மறுமுறையும் அமெரிக்காவில் எழுப்புதல் அலை, அதாவது மக்கள் திரளாகக் கூடி மனந்திரும்பும் சமய எழுச்சி, எழுந்தது. இரண்டாம் அலையின் காலத்தில்தான் மதுவிலக்குச் சங்கங்கள், அடிமை ஒழிப்புச் சங்கங்கள், வேதாகமச் சங்கம், ஞாயிறு பள்ளிகள் எல்லாம் ஊர் ஊராகப் பரவின. சீர்திருத்தத்தைப் பெற்றெடுத்ததே எழுப்புதல்தான் என்ற வாதம் இதிலிருந்து பிறந்தது. கில்பர்ட் பார்ன்ஸ் 1933-ல் எழுதிய நூல் இந்தத் தரப்பின் தூண். அடிமை ஒழிப்பின் ஊற்றுக்கண்ணை அவர் பாஸ்டன் பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் கேரிசனிடம் தேடவில்லை. மேற்கு நியூயார்க்கில் சார்லஸ் ஃபின்னி நடத்திய எழுப்புதல் கூட்டங்களில் தேடினார். எதிர்த்தரப்பும் வலுவானதே. கிளிஃபர்ட் கிரிஃபின் 1960-ல், இந்தச் சங்கங்களெல்லாம் பாமர மக்களைக் கட்டுக்குள் வைக்க மேல்தட்டினர் செய்த ஏற்பாடு என்றார். பால் ஜான்சன் 1978-ல் ராச்செஸ்டர் என்ற ஒரே நகரத்தை எடுத்துக்கொண்டு, எழுப்புதல் அங்கே முதலாளிகளுக்கு எப்படிப் பயன்பட்டது என்று காட்டினார். இரண்டு தரப்பும் தத்தமக்கு உகந்த சாட்சிகளை மட்டுமே கூண்டில் ஏற்றியிருக்கின்றன என்பது என் கருத்து.

ராச்செஸ்டரிலிருந்தே தொடங்கலாம். ஈரி கால்வாய் 1825-ல் முழுமையடைந்ததும் மாவரைக்கும் ஆலைகளால் வீங்கிப் பெருத்த ஊர் இது. 1820-ல் 1,500 பேர் இருந்த இடத்தில் 1830-ல் 9,000 பேருக்கு மேல். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபின்னி வந்தார். மறு ஆண்டு மார்ச் வரை தங்கினார். வழக்கறிஞராக இருந்து பிரசங்கியாரானவர் அவர். நடுவர்களுக்கு முன் வழக்காடுவதைப் போலவே ஆத்துமாக்களோடு வழக்காடுவார். மனம் கலங்கியவர்கள் எல்லோரும் பார்க்க முன்வந்து உட்காரத் தனியாக ஓர் இருக்கை. பாவிகளின் பெயரைச் சொல்லியே ஜெபம். நாள் கணக்கில் நீளும் கூட்டங்கள். வழக்கறிஞர்கள், வணிகர்கள், பட்டறை முதலாளிகள் என்று ஊரின் முக்கியஸ்தர்கள் மனந்திரும்பினார்கள். டிசம்பர் 31 இரவு, ஃபின்னியால் மனந்திரும்பிய தியோடர் வெல்ட் என்ற இளைஞர் மதுவுக்கு எதிராக நான்கு மணி நேரம் பேசினார். புத்தாண்டு காலையில், ஊரிலேயே பெரிய மளிகைக் கிடங்கை வைத்திருந்த ஸ்மித் சகோதரர்கள் தங்கள் விஸ்கிப் பீப்பாய்களை நடைபாதைக்கு உருட்டி வந்து, கூட்டம் பார்த்திருக்க உடைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் தெருவில் விஸ்கி ஆறாக ஓடியது.

இந்தக் காட்சியை இரண்டு விதமாகப் படிக்கலாம். குடிக்காத கூலியாள் முதலாளிக்கு லாபம்; மதுவிலக்கு தொழிலாளியை வழிக்குக் கொண்டுவரும் கருவி என்று ஜான்சன் படித்தார். அதில் உண்மை இருக்கிறது. முதலாளியும் ஆளும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய பழைய வழக்கம் அப்போது உடைந்துகொண்டிருந்தது. தன் கண்பார்வையிலிருந்து விலகிப்போன ஆளின் ஒழுக்கம் முதலாளிக்குக் கவலை தந்தது. ஆனால் இந்த விளக்கம் ராச்செஸ்டரின் எல்லையைத் தாண்டியதும் தளர்கிறது. மனந்திரும்பியவர்களில் பெரும்பான்மை பெண்கள். குடிகாரக் கணவனின் அடியை வாங்கியவளுக்கும், அவன் விற்றுக் குடித்த வீட்டுச் சாமானைப் பார்த்து நின்றவளுக்கும் மதுவிலக்கு ஒரு முதலாளியின் தந்திரமாகத் தெரிந்திருக்க வழியில்லை. குடியும் அக்காலத்தில் சிறிய பிரச்சினை அன்று. 1830 வாக்கில், பதினைந்து வயது தாண்டிய அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு காலன் சுத்த ஆல்கஹாலுக்கு ஈடான மதுவைக் குடித்ததாக ரோராபா என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். 1840-ல் அது மூன்று காலனாகக் குறைந்தது. ஒரு தேசத்தின் அன்றாடப் பழக்கம் பத்தே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிவது அபூர்வம். அந்தச் சரிவில் சபைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் புகழை அவற்றிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1840-ல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் ஒரு மதுக்கடையில் கூடி, இனிக் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எடுத்துத் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் பிரசங்கியார் யாருமின்றியே பெருங்கூட்டத்தைச் சேர்த்தது.

எழுப்புதல் சீர்திருத்தத்துக்குத் தந்த மிகப் பெரிய கொடை ஒரு கோட்பாடு. பழைய கால்வினியத்தில் மனிதன் கடவுளின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஃபின்னி, பாவத்தை விடும் திறன் உன்னிடமே இருக்கிறது, இந்த நிமிடமே விடு, நாளை என்று சொல்வதே இன்னொரு பாவம் என்றார். இதை அடிமை முறையின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று வெல்ட் கண்டுகொண்டார். படிப்படியாக விடுவிக்கலாம், ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற சமாதானமெல்லாம் அங்கே நொறுங்குகிறது. 1834 பிப்ரவரியில் சின்சினாட்டியின் லேன் இறையியல் கல்லூரியில் அவர் தலைமையில் பதினெட்டு இரவுகள் விவாதம் நடந்தது. தென் மாநில எசமானர்களின் பிள்ளைகள்கூட உடனடி விடுதலையின் பக்கம் வந்தார்கள். நிர்வாகம் இந்தப் பேச்சுக்கே தடை விதித்ததும் மாணவர்களில் பெரும்பகுதியினர் வெளியேறி, பலர் ஓஹையோவின் ஓபர்லினுக்குப் போனார்கள். அதே தருணத்தில், 1835-ல், ஓபர்லின் நிர்வாகக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்து நின்றபோது தலைவர் ஜான் கீப்பின் ஒற்றை வாக்கால் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்தது. 1837-ல் பெண்கள் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். வெல்ட் பயிற்சி கொடுத்து அனுப்பிய பேச்சாளர்கள் எழுப்புதல் கூட்டத்தின் முறையையே கைக்கொண்டார்கள்: ஓர் ஊரில் பல இரவுகள் தங்குவது, கடைசியில் மனம் மாறியவர்களை எழுந்து நிற்கச் சொல்வது. 1838-க்குள் நாட்டில் 1,300-க்கும் மேற்பட்ட அடிமை ஒழிப்புக் கிளைச் சங்கங்கள் இருந்தன. பார்ன்ஸ் தன் வாதத்தை இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அதில் குறை காண்பது கடினம்.

ஃபின்னியிடமே திரும்பிப் போனால் வாதம் ஆட்டம் காண்கிறது. நியூயார்க்கின் சாத்தம் தெரு ஆலயத்தில் அவர் அடிமை எசமானர்களுக்குத் திருவிருந்து மறுத்தார். அன்றைய நிலையில் அது துணிச்சலான செயல். அதே ஆலயத்தில் கறுப்பின விசுவாசிகள் தனி இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குப் பணம் கொடுத்த லூயிஸ் டப்பன் இதை எதிர்த்து அவரோடு வாக்குவாதம் செய்தார். 1836 ஜூலையில் ஃபின்னி வெல்டுக்கு எழுதிய கடிதத்தில், அடிமை ஒழிப்பை எழுப்புதலுக்குப் பின்னால் வரும் ஓர் இணைப்பாக வைத்துக்கொள்ளும்படி வேண்டினார். இல்லாவிட்டால் நாடு உள்நாட்டுப் போரில் விழும், சபைகள் பிளவுபடும் என்ற அச்சம் அவருக்கு. போரைப் பற்றிய அவர் கணிப்பு பிற்பாடு பலித்தது; அதனால் அவரைக் கோழை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அவர் எதை எதற்குப் பின்னால் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனந்திரும்பியவர்களின் எண்ணிக்கை முன்னால் நின்றது. சங்கிலியில் கிடந்தவர்கள் பின்னால்.

இந்த வரிசை ஃபின்னி கண்டுபிடித்ததன்று. அது உருவான கதையைப் பார்க்க டெலவேர் விரிகுடாவுக்கும் செசபீக் விரிகுடாவுக்கும் இடையில் கிடக்கும் தீபகற்பத்துக்குப் போக வேண்டும். மெதடிஸ்ட் சபை வேர்பிடித்த நிலம் அது. அங்கே இரண்டு எசமானர்கள் மெதடிஸ்ட்களாக மனந்திரும்பினார்கள், அரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில்.

முதலாமவர் டெலவேரின் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ். கடன் முற்றியதால் ஓர் அடிமைத் தாயையும் அவளுடைய பிள்ளைகள் மூவரையும் விற்றவர். அந்தத் தாயின் இன்னொரு மகன் ரிச்சர்ட் ஆலன் அவரிடமே இருந்தார். பதினேழு வயதில் மெதடிஸ்ட் ஆனவர். ஆலனின் ஏற்பாட்டில் ஃப்ரீபார்ன் கேரட்சன் என்ற ஊர்சுற்றிப் பிரசங்கியார் ஸ்டர்ஜிஸின் வீட்டுக்கே வந்து பேசினார். 1775-ல் தான் மனந்திரும்பிய கையோடு தன் அடிமைகளை விடுவித்துவிட்டு வந்தவர் கேரட்சன். தராசில் நிறுத்தப்பட்டுக் குறைவாகக் காணப்பட்ட பாபிலோன் அரசனைப் பற்றிய தானியேல் புத்தக வசனத்தை எடுத்து, அடிமை எசமானர்கள் அந்தத் தராசில் நிற்கிறார்கள் என்றார். ஸ்டர்ஜிஸுக்கு அது சுட்டது. அடிமை வைத்திருப்பது இனிச் சரியில்லை என்று ஆலனிடமும் அவர் அண்ணனிடமும் சொல்லி, விலை கொடுத்து விடுதலை பெற வழிவிட்டார். இலவசமாகவா விட்டார் என்று கேட்டால் இல்லை. ஆலன் விறகு வெட்டியும் செங்கல் சூளையில் உழைத்தும் 1783-க்குள் பணத்தைக் கட்டி முடித்தார். விற்கப்பட்ட தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஸ்டர்ஜிஸின் மனந்திரும்புதலால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் ஒரு பிரசங்கம் ஒரு மனிதனின் விலங்கைக் கழற்றியது.

இரண்டாமவர் மேரிலாந்தில் செயின்ட் மைக்கேல்ஸ் ஊரின் தாமஸ் ஆல்ட். 1830-களின் தொடக்கத்தில் விரிகுடாக் கரையில் நடந்த முகாம் கூட்டத்தில் மனந்திரும்பினார். அவருடைய அடிமையாக இருந்த பதின்வயதுச் சிறுவன் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். கறுப்பினத்தாருக்கு இருக்கை கிடையாது. பிரசங்க மேடைக்குப் பின்னால் நிற்க இடம் விட்டிருந்தார்கள். சிறுவன் மெல்ல நகர்ந்து எசமானரின் முகம் தெரியும் இடத்துக்கு வந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது, தலை கலைந்திருந்தது, முனகல் கேட்டது, கன்னத்தில் ஒரு துளி கண்ணீர். ஒன்று எங்களை விடுவிப்பார், இல்லாவிட்டால் அன்பாகவாவது நடத்துவார் என்று அவன் எதிர்பார்த்தான். இரண்டும் நடக்கவில்லை. ஆல்ட் வீட்டில் காலையும் மாலையும் ஜெபம் நடந்தது. பிரசங்கிமார் வந்து தங்கி வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அடிமைகள் பட்டினி கிடந்தார்கள். சிறு வயதில் தீயில் கைகள் வெந்து முடமான ஹென்னி என்ற பெண்ணைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கும்போது, எசமானரின் விருப்பம் தெரிந்தும் செய்யாத வேலைக்காரனைப் பற்றிய லூக்கா சுவிசேஷ வசனத்தை ஆல்ட் சொன்னார். அடிமைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளியை, சபையின் வகுப்புத் தலைவர்களே தடியோடு வந்து கலைத்தார்கள். அந்தச் சிறுவன் ஃப்ரெடரிக் டக்ளஸ். 1845-லும் 1855-லும் வெளியிட்ட தன் வரலாற்று நூல்களில் இதையெல்லாம் பெயர் சொல்லி எழுதினார்.

ஒரே தீபகற்பம், ஒரே சபை, ஒரே வேதப்புத்தகம். ஸ்டர்ஜிஸ் நல்லவர், ஆல்ட் கெட்டவர் என்று சொன்னால் விளக்கம் முடிந்துவிடாது. தாயையும் பிள்ளைகளையும் பிரித்து விற்ற ஸ்டர்ஜிஸ் இயல்பில் ஆல்டைவிட எந்த வகையில் மேலானவர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் சபை கேட்டது வேறுபட்டது. ஸ்டர்ஜிஸிடம் கேட்டதை ஆல்டிடம் யாரும் கேட்கவில்லை. இடையில் நடந்ததற்குத் தேதிகள் இருக்கின்றன. 1784 கிறிஸ்துமஸில் பால்டிமோரில் கூடி அமெரிக்க மெதடிஸ்ட் சபையை நிறுவியவர்கள், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர் ஓராண்டுக்குள் விடுதலைப் பத்திரம் எழுதத் தொடங்க வேண்டும், மறுத்தால் விலக வேண்டும் என்று விதி செய்தார்கள். 1785 மே மாதத்தில் பிஷப்புகள் ஃபிரான்சிஸ் ஆஸ்பரியும் தாமஸ் கோக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுக்கே போய், விடுதலை கோரும் மனுவில் கையெழுத்துக் கேட்டார்கள், அவர் போடவில்லை. வர்ஜீனியாவில் கோக்கை அடிக்கக் கூட்டம் திரண்டது. விதி செய்த ஆறே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். 1808-ல், தென் கரோலினாவில் விநியோகிக்க, அடிமை முறை பற்றிய பகுதியை நீக்கிவிட்டுச் சபை ஒழுங்குப் புத்தகத்தின் ஆயிரம் பிரதிகளைத் தனியாக அச்சிட முடிவானது. பிஷப் ஆஸ்பரியே இதை முன்மொழிந்தார். 1784-ல் ஏறத்தாழ 15,000 பேராக இருந்த சபை 1844-ல் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆஸ்பரியின் தரப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அடிமை முறையை அவர் மனதார வெறுத்தவர். கண்டிப்பாக நின்றால் எசமானர்கள் எங்களைத் தோட்டங்களுக்குள் விடமாட்டார்கள், அடிமைகளின் ஆத்துமாக்களுக்கு யார் கதி என்பது அவர் வாதம். க்வேக்கர்கள் அடிமை வைத்திருப்போரை விலக்கினார்கள், தெற்கில் சுருங்கிப் போனார்கள். மெதடிஸ்ட்கள் விட்டுக்கொடுத்தார்கள், 1790 வாக்கிலேயே அவர்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவரை மறுப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் பதிலுக்கு ஆலனும் கேரட்சனும் சாட்சி. சபை கண்டிப்பாக இருந்த ஆண்டுகளில்தான் ஆலன் மனந்திரும்பினார். தீபகற்பத்தில் மெதடிஸ்ட் எசமானர்கள் விடுதலைப் பத்திரங்கள் எழுதியதும் அந்தக் காலத்தின் கண்டிப்பால்தான். அடிமைகளைச் சபைக்கு ஈர்த்ததில் அந்தக் கண்டிப்புக்கும் பங்கு உண்டு. அடிமைகளின் ஆத்துமாவைக் காப்பாற்ற என்று சொல்லி விதியைக் கைவிட்டார்கள். அதனால் உண்மையில் காப்பாற்றப்பட்டது எசமானர்களின் உறுப்பினர் பதவி.

விட்டுக்கொடுத்த சுவிசேஷத்தை அடிமைகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே சாட்சி கிடைக்கிறது. ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுண்டியில் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் அடிமைகளுக்கு வேதம் கற்பிப்பதையே ஊழியமாகக் கொண்டிருந்தார், அவரும் எசமானர். 1833-ல் ஒரு கூட்டத்தில், ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை அப்போஸ்தலன் பவுல் ஒரு கடிதத்தோடு எசமானிடமே திருப்பி அனுப்பிய வேதாகமக் கதையை எடுத்து, ஓடிப்போவது பாவம் என்றார். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அது சுவிசேஷமே இல்லை, அப்படி ஒரு கடிதம் வேதத்தில் இல்லவே இல்லை என்று வாதாடினார்கள். ஜோன்ஸே இதைப் பதிவு செய்திருக்கிறார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள், பிரசங்கியாரின் மறைநூல் அறிவுக்கு முன்னால் தங்கள் தீர்ப்பை நிறுத்திய அந்த மாலை, அமெரிக்க எழுப்புதலின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வுகளில் ஒன்று.

பார்ன்ஸின் நூலில் பெரிய ஓட்டை இங்கேதான். உடனடி விடுதலை என்ற கோரிக்கை ஃபின்னியின் பள்ளியிலிருந்து மட்டும் வரவில்லை. எழுப்புதலில் வந்த வெள்ளைக் கொடையாளர்களில் பலர் 1820-கள் வரை, விடுதலையான கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் சங்கத்தைத்தான் ஆதரித்தார்கள். 1817 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவின் பெத்தேல் ஆலயத்தில், ஆலன் கட்டிய சபையில், கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி அந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரே குரலில் வாக்களித்தார்கள். ஃபின்னி ராச்செஸ்டருக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே, 1829-ல், பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பின மெதடிஸ்ட் தன் அறைகூவலை அச்சிட்டார். தென் கரோலினாவில் முகாம் கூட்டத்துக்குப் படகேறிப் போய், எசமானுக்கு அடங்கி நட, இல்லையேல் சவுக்கடி என்ற பிரசங்கத்தைக் கேட்டு வந்ததை அதில் எழுதினார். கேரிசன் 1831-ல் பத்திரிகை தொடங்கியபோது முதல் ஆண்டில் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வெல்டும் டப்பனும் வந்து சேர்ந்த பாதையை வேறு ஆட்கள் முன்பே வெட்டி வைத்திருந்தார்கள். அவர்களும் எழுப்புதலின் பிள்ளைகள்தான். ஆனால் வெள்ளைச் சபையை விட்டு வெளியேறி, அல்லது வெளியேற்றப்பட்டு, தங்கள் சபையைத் தாங்களே கட்டிக்கொண்ட பிள்ளைகள்.

பெண்கள் விஷயத்திலும் இதே போக்கு தென்படுகிறது. ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் பெண் எழுந்து ஜெபிக்கலாம் என்றார் ஃபின்னி. 1827-ல் நியூ லெபனானில் கூடிய போதகர்கள் நாள் கணக்கில் இதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதிலிருந்து அது எவ்வளவு பெரிய உடைப்பு என்று தெரியும். கறுப்பினப் பெண் ஜரீனா லீ ஓராண்டில் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் செய்தார். ஆனால் ஆலனின் சபைகூட முதலில் அவருக்கு அனுமதி மறுத்துப் பல ஆண்டுகள் கழித்தே தந்தது. சார்ல்ஸ்டனின் அடிமை எசமானர் வீட்டில் பிறந்த ஏஞ்சலினா கிரிம்கே 1826-ல் ஓர் எழுப்புதலில் மனந்திரும்பி பிரஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தவர். அடிமை முறையைக் கண்டிக்கும்படி மூப்பர்களைக் கேட்டார். பொறுத்திரு, ஜெபி என்ற பதில் வந்தது. அவர் பொறுக்கவில்லை, 1829-ல் சபை அவரை நீக்கியது. 1837-ல் மாசசூசெட்ஸில் ஊர் ஊராக அவர் பேசியபோது, அங்கத்திய சபைப் போதகர்கள் பெண் மேடையேறுவதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டார்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டனோ டிராய் நகரில் பள்ளி மாணவியாக ஃபின்னியின் கூட்டத்தில் நரக பயம் பிடித்து நோயாய்ப் படுத்தவர். நயாகராவுக்குப் பயணம் அழைத்துப்போய்த்தான் வீட்டார் அவரைத் தேற்றினார்கள். 1848-ல் செனெகா ஃபால்ஸில் அவர் முன்னின்று கூட்டிய பெண்ணுரிமை மாநாட்டில் பெரும்பங்கு க்வேக்கர்களுடையது. அதற்கு இடம் கொடுத்ததோ, அடிமை முறைக்காக 1843-ல் தாய்ச்சபையை உடைத்து வெளிவந்த வெஸ்லியன் மெதடிஸ்ட்களின் ஆலயம்.

பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் வழக்கு என் வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று என்பதால் அதை மறைக்கக் கூடாது. பாஸ்டனில் இயங்கிய அமெரிக்க மிஷன் போர்டு எழுப்புதலின் நேர் வாரிசு. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வட்டுக்கோட்டைச் செமினரியையும் உடுவில் பெண்கள் பள்ளியையும் கட்டிய அதே போர்டுதான் 1817-ல் செரோக்கி நிலத்தில் பிரெய்னர்ட் பள்ளியைத் தொடங்கியது. அதன் செயலாளர் ஜெரமையா எவர்ட்ஸ் 1829-ல், செரோக்கிகளை நிலத்தைவிட்டு விரட்டும் திட்டத்துக்கு எதிராகத் தொடர் கட்டுரைகள் எழுதி, நாடெங்கும் மனுக்களைத் திரட்டினார். 1830-ல் மக்களவையில் அந்தத் திட்டத்துக்கான சட்டம் 102-க்கு 97 என்ற வாக்குகளில் திணறியே நிறைவேறியதில் இந்த உழைப்புக்குப் பங்குண்டு. மிஷனரி சாமுவேல் வுஸ்டர் ஜார்ஜியாவின் சிறையில் கடுங்காவல் அனுபவித்து, 1832-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அதிகாரத்துக்கு எதிராக எழுப்புதல் முதுகெலும்போடு நின்ற நேரம் அது. ஆனால் 1832 டிசம்பரில் போர்டே பின்வாங்கி, ஜார்ஜியா தரும் மன்னிப்பை ஏற்கும்படி வுஸ்டருக்கு ஆலோசனை சொன்னது. 1838-ல் செரோக்கிகள் விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய நாலாயிரம் பேர். 1845-ல் அதே போர்டு, செரோக்கி, சாக்டா சபைகளில் அடிமை வைத்திருப்பவர்களை உறுப்பினராக ஏற்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அடிமை வைத்திருப்பதை மட்டுமே காரணமாக்கி யாரையும் விலக்க முடியாது என்றது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். எழுப்புதலை முதலாளியின் கருவி என்று சொல்லும் தரப்பால் வெல்டையும் கிரிம்கேயையும் விளக்க முடியாது, அதைத் தள்ளுகிறேன். சீர்திருத்தத்தின் தாய் என்று சொல்லும் தரப்பால் ஆல்டை விளக்க முடியாது. ஆட்களையும் சங்கம் கட்டும் வித்தையையும், பாவத்தை இன்றே விட முடியும் என்ற நம்பிக்கையையும் எழுப்புதல் தந்தது. அந்தப் புகழ் அதற்கு உரியது. ஆனால் தன் வெற்றியைத் தலை எண்ணி அளந்த இயக்கம் அது. எசமானனும் ஒரு தலை. அவனை இழக்கத் துணியாத வரை அடிமையின் பக்கம் முழுமையாக நிற்க அதனால் முடியவில்லை. மதுவில் அது வென்றது. அங்கே மனந்திரும்பியவன் ஒரு பழக்கத்தை விட்டால் போதும். அடிமை விஷயத்தில் அவன் தன் சொத்தை விட வேண்டியிருந்தது. 1785-லும் 1808-லும் 1836-லும் 1845-லும் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அத்தனை விட்டுக்கொடுத்தும் ஒற்றுமையும் மிஞ்சவில்லை. 1844-ல் ஜார்ஜியாவின் பிஷப் ஆண்ட்ரூ அடிமை வைத்திருந்த விவகாரத்தில் மெதடிஸ்ட் சபை உடைந்தது. 1845 மே மாதத்தில் தென் மாநில பாப்டிஸ்ட்கள் அகஸ்டாவில் கூடித் தனிச் சங்கம் கண்டார்கள்.

1846-ல் டப்பனும், அடிமை முறையை எதிர்த்த கறுப்பின, வெள்ளைப் போதகர்களும் மிஷன் போர்டிலிருந்து விலகி, அமெரிக்க மிஷனரி சங்கம் என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். அடிமை எசமானர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை, அடிமை உழைப்பில் வந்த பணத்தை வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். பழைய போர்டின் வசதியோ செல்வாக்கோ அதற்கு இல்லை. போர் மூண்டதும், 1861-ல் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்த அடிமைகளிடம் அதன் ஊழியர்கள் போனார்கள். அங்கே அந்தச் சங்கத்தின் ஆதரவில் முதல் வகுப்பை நடத்தியவர் மேரி பீக் என்ற கறுப்பின ஆசிரியை. சட்டம் தடுத்த காலத்திலேயே ஹாம்ப்டனில் ரகசியமாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். 1866-ல் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பள்ளியும், 1868-ல் ஹாம்ப்டன் பள்ளியும் அந்தச் சங்கத்தின் துணையோடு திறந்தன.